கிளை நூலகத்துக்கு மாவட்டம் எதற்கு?

கேள்வி, 4 ஜூன் 2023

வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை போடுகிறார்கள். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் கடைசியாகப் புதுப் புத்தகம் வந்தது எப்போது என்று நூலகருக்கே நினைவில்லை. அந்த வரியை ஊரிலேயே வைத்துக்கொண்டு ஊராட்சியே நூலகத்தை நடத்தினால் என்ன? ஆணைக்குழு, மாவட்ட மைய நூலகம், நூலக அலுவலர் என்று நடுவில் இத்தனை படி எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன் 2023, இரவு 9.40

பகுதி நேர நூலகத்தில் சேர்ந்து, மூன்றாம் நிலை நூலகராக ஓய்வு பெற்றவள் நான். முப்பத்தொரு வருடம். அந்த நடுப்படிகளோடு நான் போடாத சண்டை கிடையாது. அப்படியிருந்தும் சொல்கிறேன், அதை எடுத்துவிடாதீர்கள்.

ஊராட்சியே நடத்தட்டும் என்பதை ஒருமுறை செய்தே பார்த்தாகிவிட்டது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். ஐந்து வருடத்தில் 12,000க்கும் மேல். கட்டடம், பீரோ, மேசை, முதல் தவணைப் புத்தகம் எல்லாம் கொடுத்து, ஊரில் ஓய்வு பெற்ற ஒருவரை மதிப்பூதியத்தில் உட்கார வைத்தார்கள். இவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வந்தவை. பொது நூலகத் துறையின் சங்கிலியில் இவற்றுக்கு இடமில்லை. அதனால் முதல் தவணை வந்தது, இரண்டாவது தவணையை அனுப்ப ஆளில்லை. உங்கள் ஊரிலேயே மஞ்சளோ பச்சையோ சுண்ணாம்பு அடித்த ஒரு சின்னக் கட்டடம் இருக்கும், போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும்.

4 ஜூன், இரவு 11.05

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

600 வீடு உள்ள ஊர். வீட்டுக்குச் சராசரி 200 ரூபாய் வரி என்று வைப்போம். நூலக வரி ரூபாய்க்குப் பத்து காசு. வீட்டுக்கு 20 ரூபாய். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வருடத்துக்கு ஊர் முழுக்க 12,000 ரூபாய். ஒரு நாளிதழ் ஏழு ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 2,555. மூன்று பத்திரிகை போட்டால் 7,665 போய்விட்டது. மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம். அதில் கரண்ட் பில், துடைப்பம், பல்பு, வார இதழ். நூலகருக்குச் சம்பளம்? புத்தகம்?

உங்கள் ஊர் வரியை மட்டும் உங்கள் ஊருக்கே கொடுத்தால் உங்களிடம் இருக்கப்போவது ஒரு பத்திரிகைக் கொட்டகை.

5 ஜூன், காலை 6.15

நேற்று சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். மாவட்டத்தை ஒரே பையாக வைத்ததற்குக் காரணம் இதுதான். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்து கொண்டுவந்தார். அதற்குப் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல வருட உழைப்பு இருக்கிறது. சீர்காழியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் இது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கென்று ஒரு நூலக நிதி, சொத்து வரியின் மேல் ஒரு கூடுதல் வரி. ஆரம்பத்தில் அது ரூபாய்க்கு அரையணா.

நகராட்சிக் கடைத்தெருவில் பெரிய கட்டடம் வைத்திருப்பவர் கட்டும் நூலக வரியும் குடிசை வீட்டு வரியும் ஒரே நிதியில் விழும். கடைத்தெருப் பணத்தில் ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் புத்தகம் போகும். சட்டம் எழுதியவர்கள் தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். வரியை ஊரிலேயே வைத்துக்கொள்வோம் என்று நாம் சொன்னால், கடைத்தெருக்காரரும் அதையே சொல்லலாம். அப்போது நட்டம் நமக்குத்தான்.

5 ஜூன், மாலை

கேள்வி கேட்டவர் திரும்பக் கேட்கிறார்: "சரி அம்மா, அந்த ஒரே பையிலிருந்து எங்களுக்கு ஏன் வரவில்லை?"

நியாயமான கேள்வி. ஒரு காரணம், பை நிறையவே இல்லை. நூலக வரியை வசூலிப்பது உள்ளாட்சி. வசூலித்ததை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அதை நிலுவையாகவே வைத்திருப்பது பழைய நோய். உங்களிடம் பிடித்த 20 ரூபாய் நூலகக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கிராமசபையில் கேட்கலாம். கேட்டவர்களை நான் பார்த்ததில்லை.

இன்னொரு காரணம் உண்டு, அது நீளம். வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

9 ஜூன், வெள்ளி

பணியில் இருந்தவரை வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. இன்றும் வெள்ளி வந்தால்தான் கை ஓய்கிறது.

புத்தகம் எப்படி வரும் தெரியுமா? மாதக் கூட்டத்துக்கு மாவட்ட மைய நூலகம் போவோம். போகும்போது கையில் அறிக்கை, வரும்போது சணலில் கட்டிய இரண்டு கட்டு. வண்டி வைத்து அனுப்பிய காலமும் உண்டு, ஆனால் என் பங்கு பெரும்பாலும் பஸ்ஸில்தான் வந்தது. நடத்துனர் லக்கேஜ் போடுவார். ஒருவர் மட்டும், "பிள்ளைங்க படிக்கிறதுக்கா? ஏத்துங்க" என்று விட்டுவிடுவார். அவர் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்து நிற்பேன்.

ஒரு ஐப்பசியில் கூரை மேல் போட்ட கட்டு நனைந்துவிட்டது. அறுபது புத்தகம் இருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, தரை முழுக்க விரித்து, ஃபேன் போட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பச் சொன்னேன். ஒட்டாமல் காய வேண்டுமே. இரண்டு நாள் நடந்தது. காயவைத்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டார்கள். நான் நடத்திய எந்த நூலக வார விழாவிலும் அத்தனை பேர் படித்ததில்லை.

சரி, கட்டுக்குள் என்ன இருக்கும்? அதுதான் விஷயம். கொள்முதல் சென்னையில் முடிவாகும். கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் 1972 முதல் உதவுகிறது. மாநிலம் ஒரு பங்கு போட்டால் அவர்கள் ஒரு பங்கு போடுவார்கள். இப்படி வாங்கியது மாவட்டத்துக்கு வந்து, கட்டாகப் பிரிந்து, எங்களிடம் வரும். எங்கள் ஊரில் குரூப் 4 எழுதும் பையன்கள் பதினைந்து பேர். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மத்தியானம் வந்து உட்காருவார்கள், அவர்களுக்குப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் வேண்டும். என் கட்டில் ஒரே நாவல் நான்கு படி, வாஸ்து இரண்டு படி, தேர்வுப் புத்தகம் ஒன்றுமில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த கிளையின் கட்டில் தேர்வுப் புத்தகம் எட்டு. அந்த ஊரில் கேட்க ஆளில்லை.

மாவட்டம் இருக்கிறதே, அது இந்த எட்டையும் அந்த நான்கையும் மாற்றிக் கொடுப்பதற்குத்தான். அதைச் செய்யவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

11 ஜூன்

திருத்தம். 4ஆம் தேதி அண்ணா நூலகங்கள் "பூட்டிக் கிடக்கும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். கொங்குப் பக்கத்திலிருந்து ஒருவர், தங்கள் ஊரில் ஊராட்சி பழுது பார்த்துத் திறந்து வைத்திருக்கிறது, மாலையில் பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். சீரமைத்துத் திறந்த ஊர்கள் வேறு சிலவும் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். நான் பார்த்தது டெல்டாவில் என் சுற்றுவட்டாரத்தை மட்டும். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கொங்கு நண்பரிடம் ஒன்று கேட்டேன்: புதுப் புத்தகம் எங்கிருந்து வருகிறது? "ஊரில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கித் தருகிறார்கள்." நல்லது. அப்படிப் பிள்ளைகள் இல்லாத ஊர் என்ன செய்யும்?

12 ஜூன்

யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் சனசமூக நிலையங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊருக்கு ஊர் சனங்களே கட்டி, வாசிகசாலை வைத்து, காலையில் பேப்பர் பார்க்கக் கூடும் இடம். சில இடங்களில் பிரதேச சபை பத்திரிகைக் காசுக்கு உதவுமாம். அவர் எழுதியதில் ஒரு வரி மனதில் நிற்கிறது: எங்கள் ஊரில் வாசிகசாலைத் திண்ணையில் வளர்ந்தவன்தான் பிறகு பெரிய நூலகத்தைத் தேடிப் போவான் என்று.

பெரிய நூலகத்துக்கு ஆள் அனுப்புவது சின்ன நூலகம். பெரியதிலிருந்து சின்னதுக்கு என்ன வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

19 ஜூன்

இன்று கேரளத்தில் வாசிப்பு நாள். பி.என். பணிக்கரின் நினைவு நாள். 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தவர். இந்த இழையில் அவரைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஏனென்றால் அவர் போன வழி நம் வழிக்கு நேர் எதிர்.

நம்மிடம் அரசு மேலிருந்து கீழே கட்டியது. ஊழியர் அரசு, கட்டடம் அரசு, புத்தகம் அரசு. அங்கே ஊர்க்காரர்கள் தாங்களே நூலகம் வைத்தார்கள். நிர்வாகக் குழுவைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்த நூலகங்களை இணைத்துத் தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று கவுன்சில் பிற்பாடு வந்தது. 1989 சட்டம் அதற்கு உருக் கொடுத்தது. கவுன்சில் நூலகத்தைத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ப வருடா வருடம் மானியம் கொடுக்கிறது. மானியத்தில் எந்தப் புத்தகம் வாங்குவது என்பதை ஊர்க் குழு முடிவு செய்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது. என் முப்பத்தொரு வருடத்தில் ஒரு வருடமாவது, இந்தா ஐயாயிரம் ரூபாய், உன் ஊருக்கு வேண்டியதை நீயே வாங்கு என்று யாராவது சொல்லியிருந்தால்! தேர்வுப் புத்தகம் எட்டு, பெரிய எழுத்துக் கதைகள், ரேடியோ பழுது பார்க்கும் புத்தகம் ஒன்று. அந்த ரேடியோ புத்தகத்தை ஒருவர் பதினோரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் 4ஆம் தேதி எழுதியதிலிருந்து கொஞ்சம் நகர்கிறேன். கேள்வி கேட்டவர் முழுக்கத் தப்பாகக் கேட்கவில்லை. பணம் மாவட்டத்தில் சேரட்டும். தேர்வு செய்வதில் ஊருக்கு வாய் வேண்டும்.

20 ஜூன்

பாலக்காட்டு நண்பர் என் உற்சாகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்திருக்கிறார். அங்கேயும் எல்லா ஊரிலும் குழு உயிரோடு இல்லை, கட்சிச் சண்டையில் வருடக்கணக்கில் திறக்காத நூலகம் உண்டு, நூலகருக்குக் கிடைக்கும் அலவன்ஸ் ஒரு குடும்பத்துக்குக் காணாது என்கிறார். "உங்கள் ஊரில் அரசு நூலகர் என்று ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கிறாரே அக்கா, அதன் அருமை உங்களுக்குத் தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

தெரியும் தம்பி. பகுதி நேரமாக இருந்தபோது மாதச் சம்பளம் என் பஸ் கட்டணத்துக்கே சரியாகப் போனது. ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் போராடியதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கதவைத் திறக்க ஆள் இருப்பதன் அருமை எனக்குத் தெரியாமலா?

2 ஜூலை

"மாற்றிக் கொடுப்பதில் என்ன கஷ்டம், ஒரு பைக்கில் போட்டால் ஆயிற்று" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டிருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் சேர்க்கை எண் உண்டு. பதிவேட்டில் என் கிளையின் பெயரில் ஏறியது என் பொறுப்பு. இருப்புச் சரிபார்ப்பு வரும், லோக்கல் ஃபண்ட் ஆடிட் வரும். காணாமல் போனால் விலை என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு வருடம் 37 புத்தகம் குறைந்தது. ஆறு மாதம் பிடித்தார்கள். அது என் மகளின் பள்ளிக் கட்டணம் கட்டும் காலம்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கேட்டால் தருவேன், கேட்காதவருக்குக் காட்டமாட்டேன். கண்ணாடிக் கதவுக்குள் இருப்பதைத் தொட்டுப் பார்க்காமல் எந்தப் பிள்ளை கேட்கும்? மூன்று வருடம் அப்படி நடத்தினேன். இதை எழுதும்போதும் வலிக்கிறது.

ரங்கநாதன் அன்றே திறந்த அலமாரிக்காக எழுதினார், பேசினார். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்று விதியாகவே வைத்தார். புத்தகம் புழங்கினால் தேயும், கிழியும், சில தொலையும். தொலைந்ததை நூலகர் தலையில் கட்டும் விதி இருக்கும்வரை கிளைக்குக் கிளை புத்தகம் நகராது. அடுத்தவர் பதிவேட்டுப் புத்தகத்தைத் தன் அலமாரியில் வைக்க எவருக்கும் துணிவு வராது.

2 ஜூலை, சற்று நேரம் கழித்து

அந்த 37இல் ஒன்று திரும்பி வந்த கதை. கட்டிக்கொடுத்து வெளியூர் போன பெண், பதினாலு வருடம் கழித்துத் தாய் வீடு வந்தபோது பரணில் கண்டெடுத்துக் கொண்டுவந்தாள். ஊரே மறந்துபோன புத்தகம். "அக்கா, அபராதம் எவ்வளவு?" என்று கேட்டு அழுதுவிட்டாள். அதற்கு நான் எப்போதோ விலை கட்டிவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் அடித்த எண்ணை மறுபடி எழுத இடமில்லை. முத்திரை மேல் முத்திரை போடாமல் அப்படியே அலமாரியில் வைத்தேன். அவள் மகன் அதை எடுத்துப் போனான்.

3 ஜூலை

புரவலர் திட்டம் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர், பெயரைப் பலகையில் எழுதுவோம். என் கிளையில் ஒரு பலசரக்குக் கடைக்காரர், ஓர் ஆசிரியை, வெளிநாட்டுக்குப் போய் வந்த ஒரு பையன் என்று சிலர் சேர்ந்தார்கள். வாசகர் வட்டம் உயிரோடு இருந்தால் மட்டும் இது நடக்கும். வட்டத்தில் நாலு பேர் போதும், ஆனால் அந்த நாலு பேரும் மாதம் தவறாமல் கூட வேண்டும்.

16 ஜூலை

நேற்று மதுரையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். இந்த இழையிலும் அதே பேச்சாக இருக்கிறது. படங்களைப் பார்த்தேன். குழந்தைகள் பகுதியைப் பார்த்ததும் உடனே பேத்தியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது. 2010இல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தபோதும் இதே சந்தோஷம் இருந்தது. முதல் மாதமே ரயிலேறிப் போய்ப் பார்த்தேன்.

"இந்தப் பணத்தில் நூறு கிராம நூலகத்துக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். தென் மாவட்டப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு இடம் வேண்டும். கன்னிமாரா 1896இலேயே சென்னையில் வந்துவிட்டது. மதுரை எத்தனை காலம் காத்திருந்தது!

நான் கேட்பது வேறு. அவ்வளவு பெரிய நூலகம் திறந்திருக்கிறதே, அதன் புத்தகம் உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ போகுமா? அங்கே இருப்பவர் தன் கிளை நூலகத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரம் அவர் கைக்கு வருமா? வந்தால் அது தென்பகுதிக்கே நூலகம். வராவிட்டால் மதுரை டவுன் பஸ் எட்டும் தூரத்துக்கு மட்டும்.

18 ஜூலை

மேலே சொன்னதற்கு "அதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும்" என்று பதில். வெளிநாட்டை விடுங்கள். மன்னார்குடியைச் சொல்கிறேன்.

1931 அக்டோபர் 21. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ரங்கநாதன் ஒரு மாட்டுவண்டியைத் தொடங்கி வைத்தார். கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வடிவமைத்த வண்டி. வண்டிக்குள் அலமாரி, அலமாரியில் புத்தகம். ஊர் ஊராகப் போய்க் கொடுத்து, அடுத்த சுற்றில் பழையதை வாங்கிக்கொண்டு வேறு கொடுக்கும். நான்கு வருடம் கழித்துக் கிருஷ்ணா டெல்டாவில் பாதூரி நாகபூஷணம் கால்வாயில் படகு விட்டார். அதற்குள்ளும் புத்தகம்தான்.

எங்கள் டெல்டாவின் வண்டிப் பாதையில் மாடு இழுத்துப் போன புத்தகம் இன்று தார் ரோட்டில் போகாது என்றால் நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? மாவட்டங்களில் நடமாடும் நூலக வண்டி சில உண்டு. மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். 4,600க்கும் மேற்பட்ட நூலகத்துக்கு அது எம்மாத்திரம்? நூலக நண்பர்கள் என்று தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் திட்டம் இப்போது வந்திருக்கிறது. நல்ல திட்டம். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது இருக்கிற அலமாரியிலிருந்து. அந்த அலமாரி மாறுவதற்கு வழி வேண்டும்.

6 ஆகஸ்ட்

கல்லூரிப் பையன் விடவில்லை. "நீங்கள் ஒருமுறையாவது மாற்றிப் பார்த்தீர்களா?" என்கிறான். ஓய்வு பெற்றாகிவிட்டது, சொல்கிறேன்.

பார்த்தேன். ஆறு கிலோமீட்டர் தள்ளி என்று சொன்னேனே, அந்தக் கிளையின் நூலகர் அக்காவும் நானும் சேர்ந்து. பீரோவைப் பூட்டிய மூன்று வருடத்துக்குப் பிறகு. எழுத்தில் உத்தரவு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆற்றுப் பாலத்து டீக்கடையில் சந்திப்போம். நான் முப்பது கொடுப்பேன், அவர் முப்பது கொடுப்பார். நாற்பது பக்க நோட்டு ஒன்று. இரண்டு பேரும் கையெழுத்து. மாதக் கடைசியில் திரும்ப எண்ணிச் சரிபார்ப்போம். ஒன்றரை வருடம் நடந்தது. தொலைந்தவை இரண்டே இரண்டு, நாங்களே ஆளுக்கொன்றாகக் கடையில் வாங்கி வைத்தோம்.

என் ஊர் தேர்வுப் பையன்களுக்கு அந்த எட்டுப் புத்தகமும் வந்தன. அவர் ஊரில் முதியவர்கள் அதிகம், என் நாவல்கள் அங்கே போய் அட்டை கிழியும்வரை ஓடின. புதிதாக ஒரு ரூபாய்ப் புத்தகம் வாங்கவில்லை. ஆனால் என் வாசகர்கள், "அக்கா, புது பார்சல் வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அதற்கு முன் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு இடமாறுதல். புதிதாக வந்தவர் பயந்தார். நியாயம்தான், அவர் பிள்ளைக்கும் பள்ளிக் கட்டணம் இருக்குமே. அதோடு நின்றது.

இரண்டு பேர் டீக்கடையில் திருட்டுத்தனமாகச் செய்ததை மாவட்டம் வெளிச்சத்தில் செய்யலாம். ஐந்து ஐந்து கிளையாக ஒரு சுற்று. மாதம் ஒருமுறை ஒரு வண்டி. கட்டுக்கு ஒரு பட்டியல், பட்டியலுக்குச் சுற்று முழுதும் பொறுப்பு. நூற்றுக்கு இத்தனை புத்தகம் தொலைந்தால் கேட்கமாட்டோம் என்று ஒரு வரி உத்தரவு. இந்தக் கடைசி ஒன்று இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது.

7 ஆகஸ்ட்

பணியில் இருக்கும் நூலகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சுற்று வந்தால் நல்ல புத்தகத்தை யாரும் அனுப்பமாட்டார்கள், கழித்துக் கட்ட வேண்டியதைத்தான் கட்டி அனுப்புவார்கள்." உண்மை. நானும் முதல் மாதம் வாஸ்துவைத்தான் அனுப்பினேன். அக்கா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்பவர் பட்டியல் கொடுக்க வேண்டும், வைத்திருப்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்தப் பாடத்தை நேற்று எழுத விட்டுப்போனது.

16 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் நேற்றைய கிராமசபையில் எழுந்து பேசியிருக்கிறார்! நூலக வரி எவ்வளவு வசூல், எவ்வளவு ஒப்படைப்பு என்று கேட்டாராம். கணக்கு அடுத்த கூட்டத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் அண்ணா நூலகக் கட்டடத்தை ஊர்ப்புற நூலகத்துக்குப் பிள்ளைகள் பகுதியாகத் தர வேண்டும் என்று தீர்மானமும் போட்டுவிட்டார்களாம். அடுத்து என்ன செய்ய என்று கேட்கிறார்.

தீர்மான நகலை முத்திரையோடு வாங்குங்கள். ஒரு படி மாவட்ட நூலக அலுவலருக்கு, நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் நூலகரைக் கூடவே அழைத்துப் போகாதீர்கள், அவருக்குச் சங்கடம். வாசகர் வட்டம் பெயரில் போங்கள். நாலு பேர் இல்லையென்றால் அதற்கு முன் நாலு பேரைச் சேருங்கள்.

அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஐப்பசிக்கு முன் ஒரு மழை நாளில் உள்ளே நின்று கூரையைப் பாருங்கள்.

"பக்கத்து ஊர் நூலகரிடம் பேசினேன், அவர் சம்மதிப்பார் போலிருக்கிறது, நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து கட்டம் போதும்: சேர்க்கை எண், நூலின் பெயர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி, கையெழுத்து. எங்கள் நாற்பது பக்க நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் டீக் கறை. நாளை படமெடுத்துப் போடுகிறேன்.